ரோட்டை எண்ணிய வகுப்பு

பொலிஸ் பொறுப்பதிகாரி தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தார். ரப்பர் கொட்டைகள் மேசை முழுக்க உருண்டன. ஒன்றிரண்டு விளிம்பைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் விழுந்து துள்ளின. குனிந்து எடுத்துக் கொடுக்கலாமா, கொடுத்தால் அதற்கும் ஏதாவது அர்த்தம் கற்பிப்பார்களா என்று யோசித்துவிட்டு நான் அசையாமல் நின்றேன்.

அவர் ஒரு கொட்டையை விரலால் ஒதுக்கினார். இன்னொன்றை ஒதுக்கினார். பிறகு எதையோ கண்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விரல்களுக்கிடையில் இருந்தது முழுக்கொட்டை அல்ல. இரண்டாகப் பிளந்த கொட்டையின் ஒரு பாதி.

"மே பாகே மொகத?" என்றார். இந்தப் பாதி என்ன என்று கேட்கிறார்.

கேள்வி எனக்கில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்ற தனலெட்சுமிக்கு. நான் படிப்பிக்கிற நாலாம் வகுப்புப் பிள்ளை. சிங்களம் அவளுக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளறையில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய அப்பா முருகையா குந்தியிருந்தார். மாலையில் பெரிய ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி போகும் என்றும், அதில் அவரையும் ஏற்றிவிடுவார்கள் என்றும் வாசலில் நின்ற ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்படி ஏற்றப்பட்ட தமிழன் எப்போது வீடு திரும்புவான் என்று சோசியக்காரனாலும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நாங்கள் நடத்தியது கணக்குப் பாடம்.

பரம்பரைச் சொத்து

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்க ஏன் டீச்சர் எல்லாரையும் சந்தேகப்பட்டே எழுதுறீங்க?" என்று கேட்டார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

சந்தேகம் எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. அப்பா வரக்காப்பொல கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு ஆடி மாதக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. திரும்பக் கட்டி, திரும்பத் திறந்தார். அதற்குப் பிறகு காலையில் கதவைத் திறக்குமுன் பலகை இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று. கடையில் மண்ணெண்ணெயும் விற்பதால் வாடை எப்போதும் வரும். அதனால் தினமும் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்பார்.

அப்படிப்பட்ட மனிதனின் மகள் நான். கேகாலை மாவட்டத்தில், கரவனெல்லப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். கதையில் வருகிறவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையும் வாங்குகிறார்கள்.

கைதட்டிய வாத்தியார்மார்

புதிய முறையில் ஆரம்ப வகுப்புக் கணிதம் என்று எங்களைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் நல்ல சட்டை போட்டிருந்தார். நரைத்த தலை வாத்தியார்களை வட்டமாக நிற்க வைத்து, கைதட்டி, தவளைபோலத் தாவி, இரண்டின் மடங்குகளைச் சொல்லச் சொன்னார். தாவினோம். எனக்கு இதெல்லாம் எதையோ மறைக்கிற ஏற்பாடாகத்தான் தோன்றியது. பாடப்புத்தகம் அச்சாகவில்லை, அதனால்தான் தாவ விடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற டீச்சரிடம் சொன்னேன். அவர் தாவிக்கொண்டே "உஷ்" என்றார்.

ஆனால் தோட்டத்துக்குத் திரும்பிச் செய்துபார்த்தபோது அந்தச் சட்டைக்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கொஞ்சம்தான்.

எங்களிடம் மணிச்சட்டம் இல்லை, வர்ண அட்டை இல்லை. ரப்பர் கொட்டை இருந்தது. வெயில் ஏறினால் காய்கள் மரத்தில் டப் டப்பென்று வெடிக்கும். வழவழவென்ற, புள்ளி போட்ட கொட்டைகள் கூரைத் தகரத்தில் விழுந்து உருளும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் பாடம் நடத்தினேன். பத்து ஈர்க்குகளை ஒரு கட்டாகக் கட்டுவோம். மரத்துப் பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடாபோல உரித்துக் கட்டினால் அவிழவே அவிழாது. பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய கட்டு. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வரும்போது ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கப் படும் பாட்டில், பத்து என்பது எத்தனை ஒன்று என்று எந்தப் பிள்ளையும் மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒளித்து வைக்கிற விளையாட்டு. பத்துக் கொட்டைகளைக் காட்டிவிட்டு, சிலவற்றைச் சிரட்டைக்குள் மூடிவிட வேண்டும். வெளியே இருப்பதை வைத்து உள்ளே எத்தனை என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பாதே என்று சொல்லித் தருகிற விளையாட்டு அது. அதில் தனலெட்சுமியை யாராலும் ஜெயிக்க முடியாது. சிரட்டையைப் பார்க்கமாட்டாள். மூடியவனின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

"கொட்டை பொறுக்கவா அனுப்புறோம்?"

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு நாள் வெற்றிலையைக் குதப்பியபடி வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொட்டை பொறுக்குறதுக்கு நாங்க இருக்கோம். எங்க அப்பன் ஆத்தாவும் பொறுக்குனாங்க. புள்ளைங்களையாவது வேற எதுக்காச்சும் ஆக்குவீங்கன்னுதான் அனுப்புறோம்."

"இதுவும் கணக்குத்தாங்க தலைவரே."

"கணக்குன்னா சிலேட்டுல இருக்கணுங்க. தரையில உருளக் கூடாது."

அவர் சொன்னதைச் சும்மா ஒதுக்க முடியவில்லை. டவுன் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் கட்டைகள், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ரப்பர் கொட்டையா என்ற கேள்வி எனக்குள்ளும் இருந்தது. எங்கள் அதிபரை எல்லோரும் பெரிய மாஸ்டர் என்போம். அவர் தலைவருக்கும் எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். தலைவர் போன பிறகு என்னிடம், "புதுசா எது வந்தாலும் அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்கணும் டீச்சர்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அவரும் என் ஜாதிதான் என்று நினைத்தேன். பிறகு ஏன் அவரையே சந்தேகப்பட்டேன் என்பது இனி வரும்.

சிரட்டைகள்

படவரைபு என்று ஒரு பாடம். பொருள்களை வகை பிரித்து எண்ணி, எது கூட, எது குறைவு என்று படமாகக் காட்ட வேண்டும். ரோட்டில் போகும் வாகனங்களை எண்ணச் சொல்லலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கீழே பெரிய ரோடு. மதகுக்கட்டில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தெரியும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்கு ஒரு சிரட்டை, லொறிக்கு ஒன்று, த்ரீவீலருக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று. வாகனம் போனால் சிரட்டையில் ஒரு கொட்டை விழும்.

வகைகளைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் கொழும்புக்குப் போய்விட்டார். தனலெட்சுமி தீர்மானித்தாள்.

"டீச்சர், ஆமி லொறி வேற லொறிங்க. அதுக்குத் தனிச் சிரட்டை வேணும்."

அவள் சொன்னது சரி. பச்சைப் படங்கு மூடிய இராணுவ வண்டி வேறு, ரப்பர் ஷீட் ஏற்றுகிற வண்டி வேறு. வகைப்படுத்தலில் எந்தப் பிழையும் இல்லை. சோக்குக்கட்டியால் சிரட்டையில் வண்டி ஒன்று வரைந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை, அந்தப் பாடம் முடிகிற நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

கத்தி

இறங்கியவர்கள் நேரே மதகுக்கட்டுக்குத்தான் வந்தார்கள். இடம் பார்க்கவில்லை, விசாரிக்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேறு சிரட்டைகளைத் தொடவும் இல்லை. ஆமிச் சிரட்டையைத்தான் எடுத்தார்கள்.

"காகெத மே லமயா?" யாருடைய பிள்ளை இது?

நான் பதில் சொல்லுமுன், "ராலாமி! ராலாமி!" என்று பொலிஸ்காரரைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு மேலே மலையிலிருந்து முருகையா ஓடி வந்தார். மகளைச் சுற்றிப் பொலிஸ் நிற்பதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த மனிதன் அப்படியே ஓடி வந்திருக்கிறார். கையில் கத்தி. மரப்பட்டை சீவுகிற வளைந்த சின்னக் கத்தி. தோட்டத்தில் அது எல்லோர் இடுப்பிலும் இருக்கிற சாமான். தோளில் துவக்கு மாட்டியிருந்தவர்களுக்கு அது ஆயுதமாகத் தெரிந்தது.

அடையாள அட்டை கேட்டார்கள். முருகையாவிடம் அட்டை இல்லை. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்போது அட்டை கிடையாது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய மாஸ்டர் அலுவலக வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குச் சிங்களம் நல்லா வரும் டீச்சர், நீங்க போங்க. நான் இங்க பாத்துக்கிறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

தனலெட்சுமியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆட்களைத் தேடினேன், மனதுக்குள். மதகுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முதலாளியா? தினமும் அந்த வழியாகப் போகிற பஸ் கண்டக்டரா? தலைவரா? இல்லை, தன் தலை தப்பினால் போதும் என்று பெரிய மாஸ்டரே முந்திக்கொண்டு சொல்லிவைத்தாரா? என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த மனிதரைக்கூட விடவில்லை. அவர் எனக்குக் கடலை நீட்டினார். வாங்கவில்லை.

அரைப்பேர்

"மே பாகே மொகத?" பொறுப்பதிகாரி மறுபடியும் கேட்டார்.

அந்தப் பாதிக் கொட்டையை அப்போதுதான் நானும் பார்க்கிறேன். ஒரு வண்டிக்கு ஒரு கொட்டை என்பதுதான் நான் சொல்லிக் கொடுத்தது. பாதி எங்கிருந்து வந்தது?

"தனம், பயப்படாம சொல்லு. இது என்னா?"

அவள் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "லொறி நெறைய ஆமிக்காரங்க இருந்தா ஒரு பேருங்க டீச்சர். ஆள் இல்லாம வெறும் லொறி போச்சுன்னா அரைப்பேர்தாங்களே."

தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. மழையில் பாதியில் நின்றால், பால் குறைந்தால், அரைப்பேர். பிறந்ததிலிருந்து மாலையானால் லயத்து வீட்டில் அவள் கேட்கிற பேச்சு அதுதான். அப்பாவுக்கு இன்று ஒரு பேரா, அரைப்பேரா? அதே முறையை ரோட்டுக்கும் போட்டிருக்கிறாள். இது அவளுக்கு நியாயம். ஆனால் அந்த மேசையில் அதற்கு வேறு அர்த்தம். எந்த வண்டியில் எவ்வளவு ஆமி போகிறது என்று ஒரு தமிழ்ப் பிள்ளை, அதுவும் அட்டை இல்லாதவனின் மகள், எண்ணி வைத்திருக்கிறாள்.

மாற்றிச் சொல்லலாம். கொட்டை தானாகவே உடைந்தது என்று சொல்லிவிடலாம். சொல்ல வாயெடுத்தபோது, சுவரோரம் நின்ற இளவயதுப் பொலிஸ்காரனைக் கவனித்தேன். அவன் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்குத் தமிழ் தெரியும் என்று என் உள்மனம் சொன்னது. பொய் சொன்னால் முருகையா தொலைந்தார், உண்மையைச் சொன்னாலும் தொலைந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

உண்மையையே சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதி வாக்கியம்கூடப் போகவில்லை. அந்தப் பொலிஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பாகே நம, சேர்! பாகே நம!" அரைப்பேரைத்தான் சிங்களத்தில் சொல்கிறான்.

அவன் ஊர் நிவித்திகலப் பக்கமாம். அவன் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டியவளாம். அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டில் சட்டி பானை பறக்கும் என்று அதிகாரிக்கு விளக்கினான். என் சந்தேகம் சரிதான், அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. அவரும் என்னைப் போன்றவர்தான் போலும். "சொல்வதெல்லாம் சரி. இவள் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போடுகிறாளா, ஆமிக்கு மட்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மணல் மூட்டைக்குப் பக்கத்தில்

வாசலில் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். மடியில் சிரட்டை. அதிகாரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவளோடு பேசக் கூடாது, முகத்தைக்கூடக் காட்டக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திருப்பி நிற்க வைத்தார்கள். ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது.

மிதிபலகையில் ஆட்கள் தொங்க ஒரு பஸ் போனது. முழுக் கொட்டை. மணல் ஏற்றிய டிப்பர். முழுக் கொட்டை. டிரைவர் மட்டும் இருந்த ஒரு வேன் போனது. தனலெட்சுமி ஒரு கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டினாள். பிளந்த பாதியைச் சிரட்டையில் போட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் பச்சைப் படங்கு மூடிய லொறி வந்தது. பின்பக்கமும் மூடியிருந்தது. அவள் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். லொறி போய்விட்டது. கொட்டை கையிலேயே இருந்தது.

"ஏன் போடவில்லை?" என்றார் அதிகாரி.

அந்தப் பிள்ளை முதல் தடவையாகச் சிங்களத்தில், அவரைப் பார்த்தே பதில் சொன்னது. உள்ளே பார்க்க முடியவில்லை, பார்க்காததற்குப் பேர் போடக் கூடாது.

கடைசியாக அவருடைய சொந்த ஜீப், டிரைவர் மட்டும் உட்கார்ந்து, உள்ளே திரும்பியது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பாதிக் கொட்டையைத்தான் போட்டாள். வாசலில் நின்ற அத்தனை பொலிஸ்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் வேறு வழியில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முருகையாவை விட்டார்கள். கத்தியைக் கொடுத்தார்கள். ஆமிச் சிரட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. "கோழியை எண்ணுங்கள், மரத்தை எண்ணுங்கள். ரோட்டை எண்ண வேண்டாம், டீச்சர்" என்று சொல்லி அனுப்பினார். சொன்ன விதத்தில் மரியாதை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். தோட்டத்துச் சந்தியில் இறங்கியதும் முருகையா மகளின் முன்னால் குந்தி, அவள் தோளைப் பிடித்தார்.

"இந்தாம்மா. இனிமே யாரு வந்து எது எத்தனைன்னு கேட்டாலும், தெரியாதுன்னு சொல்லிடணும். சரியா?" பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார். "டீச்சர் கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு இது போதுங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை என்றால் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. ஜீப்பில் ஏற்றும்போது பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்ன பேச?

எத்தனை பேர்?

பொலிஸுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்று பேர் மேல் இன்னமும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர்களில் ஒருவரின் செத்த வீட்டுக்கும் போய் வந்தேன், சந்தேகத்தோடுதான்.

கொஞ்ச நாள் கழித்து வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். தமிழர். புதிய முறைக் கணிதம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர். கட்டி வைத்த ஈர்க்குகளையும் கொட்டைகளையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "இந்த வகுப்பில மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரையில் ஒரு கொட்டை விழுந்து உருண்டது.

முன்வரிசைப் பையனைக் காட்டினார். அவன் எழுந்தான். "தெரியாதுங்க சார்."

பக்கத்துப் பிள்ளை. "தெரியாதுங்க சார்."

அடுத்தது. "தெரியாதுங்க சார்."

முருகையா தன் மகளுக்குச் சொன்னது பணிய லயம், மேட்டு லயம் என்று எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. நான் வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததைவிட வேகமாக. வந்தவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். கடைசியில் தனலெட்சுமியை எழுப்பினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, அவர் கண்ணைப் பார்த்து, கொஞ்சமும் தடுமாறாமல், "தெரியாதுங்க சார்" என்றாள்.

"என்ன டீச்சர் இது?" என்று என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு கொட்டையையும் வச்சுக்கொண்டு பிள்ளைகளுக்கு எண்ணக்கூடச் சொல்லிக் குடுக்கேல்லையா?"

நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த இடத்திலிருந்து எனக்கு அவளுடைய கைகள் தெரிந்தன. வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் கோடுகளில் ஏறியது. மோதிர விரலுக்குப் போனது, நடுவிரலுக்குப் போனது. வாய் தெரியாது என்று சொன்ன பிறகும் கட்டைவிரல் நிற்கவில்லை. வகுப்பை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்தவர் அவளைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வரத் தொடங்கினார். நல்லவர்தான். ஆனாலும் யார் கண்டது? நான் ஓரடி நகர்ந்து, அவருக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"இல்லைங்க சார்" என்றேன். "இன்னும் அந்தப் பாடத்துக்கு வரலைங்க."